நடக்காத பயிற்சி

நாற்பது நாளைக்கு முன்பு மூழ்கிப்போன கப்பலிலிருந்து, மதியம் மூன்று மணிக்கு ஓர் அறிக்கை வந்திருந்தது.

விடுமுறை நாள். ஐந்தாம் மாடி அலுவலகத்தில் அவனைத் தவிர யாருமில்லை. நிறுவனத்தின் கப்பல்களில் உள்ள கணினிகளைக் காக்கும் அதிகாரி அவன். மறுநாள் விசாரணைக்காகப் பதிவேடுகளை எடுத்துவைக்க வந்திருந்தான். ஏசி ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருக்க, காலையில் இல்லாத ஓர் ஈரவாடை, நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தாற்போலத் தரைவிரிப்பிலிருந்து மெல்ல எழுந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

அறிக்கையில் ஒரே வரி. ‘கலங்கரை விளக்கம், 042 பாகை.’

எவனோ விளையாடுகிறான் என்றுதான் நினைத்தான். அந்தக் கப்பலைக் கொன்றதும் அப்படியொரு விளையாட்டுதான். எவனோ அனுப்பிய போலி ஜி.பி.எஸ். சமிக்ஞையை நம்பி, திரையில் ஆழ்கடலும் அடியில் பாறையுமாகப் பதினொரு பேர் போய்ச்சேர்ந்தார்கள். கேப்டன் அவனுடைய அக்காள் கணவர்.

திரை பொய் சொன்னால், கரையில் தெரியும் மூன்று பொருள்களைக் கைத் திசைகாட்டியால் குறிபார்த்து வரைபடத்தில் மூன்று கோடு இழுக்க வேண்டும். அவை சந்திக்கும் இடத்தில்தான் கப்பல் இருக்கிறது. புறப்படும் முன் அதற்கொரு பயிற்சி உண்டு; நேரில் நின்று பார்த்துப் பதிவது அவன் பொறுப்பு. அன்று அத்தான் போனில் கேட்டார்.

“ரெண்டு மணி நேரம் குடு மாப்ள. பசங்க ஒரு தடவையாவது கையால பண்ணிப் பாக்கட்டும். இல்லேன்னா நடுக்கடல்ல நின்னு உங்கக்காகிட்டதான் வழி கேக்கணும்.”

“பண்ணியாச்சுன்னு நானே பதிஞ்சுடறேன் அத்தான். நீங்க கிளம்புங்க. லேட்டானா எந்தலையத்தான் உருட்டுவாங்க.”

பதிந்தான். நேரில் நின்று பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டான்.

அடுத்த வரி வந்தது. ‘துறைமுகப் பெரிய கிரேன், 118 பாகை.’

இணைய வயரைப் பிடுங்கினான். வேண்டாம் வேண்டாம் என்று மனம் அடித்துக்கொள்ள, கை மட்டும் பழக்கத்தில் ஸ்கேலை எடுத்து, மேசைமேல் கிடந்த துறைமுக வரைபடத்தில் இரண்டு கோடுகளையும் இழுத்தது. அவை கடலில் சந்திக்கவில்லை. இந்தக் கட்டடத்தின் முன்னால், வண்டி நிறுத்துமிடத்தில் சந்தித்தன.

போன் அதிர்ந்தது. அக்கா.

“தம்பி, அந்தப் பயிற்சி நடந்ததா பதிவேட்டுல இருக்காமே. எல்லாம் தெரிஞ்சும் அலட்சியமா இருந்துட்டாருன்னு பழியத் தூக்கி அவர் தலையில போடப் பாக்கறாங்க. பொண்ணு ஸ்கூலுக்கே போகமாட்டேங்கறா. பத்துப் பேரக் கொன்னவன் மகள்னு சொல்றாங்களாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நீ சொன்னா நம்புவேன். நெஜமாவே நடந்துச்சா?”

‘இல்லக்கா.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வேலை போகும். சிறைக்கும் போகவேண்டி வரலாம். அத்தான் பெயர் மிஞ்சும். மறுமுனையில் அவள் காத்திருந்தாள். எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது. இங்கேயா, அங்கேயா, தெரியவில்லை.

“நடந்துச்சுக்கா. நான் கூடவே நின்னு பாத்தேன்.”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

வயர் பிடுங்கிய கணினியில் மூன்றாவது வரி வந்தது. எழுத்தெழுத்தாக.

‘ஐந்தாம் மாடி.’

வாடை தொண்டைக்குள் இறங்கியது. உப்பு. டீசல்.

‘ஜன்னல்.’

எழுந்தான். திரைச்சீலையை விலக்கினான்.

வெயில். காலி நிறுத்துமிடம். நடுவில் பதினொரு பேர்.

வரிசையாக நின்றார்கள். அவர்கள் காலடியில் மட்டும் தரை நனைந்து கறுத்திருந்தது. திசைகாட்டி கைமாறிக்கொண்டிருந்தது. வாங்கியவன் தூக்கிப் பிடித்தான். ஜன்னலைக் குறிபார்த்தான். அடுத்தவனிடம் கொடுத்தான். அவசரமில்லை. ஒருவர் விடாமல்.

கடைசியில் அத்தான். அவர் முறை வந்தது.

இரண்டு கைகளாலும் அதை உயர்த்தி, கண்கள் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.