முதல் வீட்டுச் சாக்கடை

சாக்கடைக்குள்ளிருந்து யாரோ மூன்று தடவை தட்டினார்கள். பின்பக்கம் கூட்டிக்கொண்டிருந்த புனிதா, இரவுச் சமையலைப் பற்றி யோசித்தபடியே, விளக்குமாற்றுக் கட்டையால் சிமெண்டு விளிம்பில் மூன்று தடவை திருப்பித் தட்டினாள். பழக்க தோஷம், வேறென்ன.

பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அங்கே லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரே சாக்கடைதான் ஓடும். மேல்வீட்டுக்காரர் தன் பங்கைக் கழுவித் தள்ளிவிட்டுத் தட்டுவார்; கீழ்வீட்டுக்காரர் பதிலுக்குத் தட்டினால், இனி அது அவர் பொறுப்பு. பதில் வரும்வரை தட்டியவர் சாக்கடையை விட்டு ஏறக் கூடாது. தோட்டத்துக் கங்காணி மாதிரி வேலை வாங்கும் மண்டோர் போட்ட சட்டம். காய்ச்சலோடு பொழுது சாயும்வரை அழுக்குத் தண்ணீரில் நின்றவர்களும் உண்டு.

சட்டென்று புனிதாவின் கை நின்றது. ஈப்போவில் இந்த வரிசைக்கு அவளுடையதுதான் முதல் வீடு. சாக்கடையே அவள் சமையலறைச் சுவரோரம்தான் தொடங்குகிறது. அதற்கு மேலே வேலி. வேலிக்கு அப்பால், இங்கிருந்த தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது தப்பிய நாலைந்து ரப்பர்ப் பால்மரங்கள். பிறகு யார் தட்டியது?

வெயிலில் காய்ந்திருந்த சிமெண்டில், சாக்கடையிலிருந்து வேலிவரை ஈரக் காலடிகள் போயிருந்தன. வந்த தடம் இல்லை. ஏறிப் போன தடம் மட்டும்.

மழை மதியத்துக்கு மேல் பிடித்தது. குளியலறைத் துவாரம் குமுறிக் கறுப்பாகத் தண்ணீரைக் கக்கியது. மரத்தில் உறைந்த ரப்பர்ப் பால், ஒட்டுப்பால், அழுகும் அந்தப் பழைய தோட்டத்து நாற்றம், துணி, தலையணை, சோற்றுப்பானை என்று எல்லாவற்றிலும் ஏறி, கட்டிலில் உட்கார்ந்திருந்த மகள் மெலிண்டாவின் நெஞ்சுக்குள்ளும் புகுந்து இழுப்பைக் கிளப்பிவிட்டது. கணவன் கென்னத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இருந்தான், சனிக்கிழமைதான் வருவான். புனிதா நகராண்மைக் கழகத்தைப் போனில் கூப்பிட்டு, சாக்கடை பொங்குவதைச் சொன்னாள்.

"அக்கா, பாகார் வேலிக்கு உள்ள இருக்கிற லோங்காங் உங்க பொறுப்பு லா. வெளிய அடைச்சிருந்தா நாங்க வாரோம்."

"வெளியிலிருந்துதான் தம்பி தள்ளுது! வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு."

"வெளிய எங்கருந்து வரும்? உங்களதுதானே மொத வீடு?"

புனிதா போனை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"கட்டில விட்டு எறங்காதடி, கண்ணு. அம்மா இந்தா வந்துடுறேன்."

"இந்தா வந்துடுறேன்," என்று மெலிண்டா அவளைப் போலவே சொல்லிச் சிரித்தாள். எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் செய்கிற வயது. அப்பா பூசிவிட்ட சிவப்பு நகச்சாயத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புனிதா மண்வெட்டியோடு சாக்கடைக்குள் இறங்கினாள். சேறு வந்தது. ஒட்டுப்பால் கட்டிகள் வந்தன. மரத்துப் பால் பிடிக்கும் உடைந்த கோப்பை ஒன்று வந்தது. அதோடு நீளமாக, நரைத்த முடி. அள்ள அள்ள, மேலேயிருந்து இன்னும் வந்தது. போதும் என்று ஏறப் பார்த்தாள்.

கால் எழவில்லை.

எதுவும் பிடித்திழுக்கவில்லை. கால்கள் அவள் சொல்லைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. தொடைக்கு வந்தது. அவளுக்குப் புரிந்தது. திருப்பித் தட்டியவள் அவள்; இனி இது அவள் பொறுப்பு.

மண்வெட்டியால் விளிம்பில் மூன்று தடவை தட்டினாள். கீழே அடுத்த வீடு. உரிமையாளர் சிங்கப்பூர் போய் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் வீடு. அங்கே யார் பதில் சொல்வார்கள்? தெரிந்தும் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். "யாராச்சும் தட்டுங்களேன்," என்று வாய்விட்டு அழுதாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

டக். டக். டக்.

பதில்!

கால்கள் விடுபட்டன. விழுந்தடித்து ஏறினாள். உயிர் வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

அப்புறம்தான் காதில் உறைத்தது. சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வரவில்லை. குளியலறைக் குழாய் வந்து சேரும் இடத்திலிருந்து வந்தது. அவளுக்குக் கீழே. அவள் வீட்டுக்குள்ளேயிருந்து.

"மெலிண்டா!"

கட்டில் காலி.

குளியலறை கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தண்ணீர் மொள்ளும் குவளை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அந்தத் துவாரம். கைமுட்டிகூட நுழையாத துவாரம். அதற்குள்ளிருந்து, வெகு கீழேயிருந்து:

டக். டக். டக்.

புனிதா தரையில் விழுந்து தட்டினாள். கையால். தலையால். பதில் கீழ்வீட்டிலிருந்து அல்லவா வர வேண்டும்? மேலேயிருந்து எத்தனை தட்டினாலும் செல்லாது.

மழைக்குள் ஓடினாள். அடுத்த வீட்டு வேலிக்கு முன்னால், சாக்கடையை மூடிய இரும்புக் கம்பிகளின் நடுவே, சிவப்பு நகச்சாயம் பூசிய சின்ன விரல்கள் நீண்டிருந்தன. பூட்டிய வீட்டைப் பார்த்து, பொறுமையாக, விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன.

மூன்று தடவை.

நிறுத்தி, காத்திருந்து, மறுபடி மூன்று தடவை.