ஆவுடையின் கழுத்தில் தொங்கிய போன்

"ஒரு குழுவுக்கு ஒரே போன்தான். வரைபடம் அதில் மட்டும்தான் வரும்" என்று மலையேற்றக் கழகத் தலைவர் அறிவித்த மறுநிமிடமே சண்டை தொடங்கியது. புதையலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. போனை எங்கே வைத்துக்கொண்டு மலை ஏறுவது என்றுதான் மூவரும் அடித்துக்கொண்டார்கள்.

குதிரைச்செவி மலைக் குகை ஒன்றில் கழகத்தார் ஒரு செப்புக் குடத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டுவரும் குழுவில் ஒருவருக்கு இமயமலைப் பயணத்தில் இடம். விளையாட்டு ஆசிரியை பேச்சியம்மாள் பனியை ஐஸ்கிரீம் பெட்டிக்குள் மட்டுமே பார்த்தவள். அந்த இடத்துக்காகப் புலிக்குப் பல் தேய்த்துவிடச் சொன்னாலும் செய்திருப்பாள்.

உடன் வந்தவர்கள் லாரி ஓட்டும் சுடலைமுத்துவும் ஆவுடையப்பனும். ஆவுடை, கல்லூரி நாளிலிருந்து அவளோடு ஒரே இலையில் பரோட்டா பிய்த்துத் தின்ற சிநேகிதன். மூவரும் சேர்ந்தே குடத்தைத் தொடுவது, பிறகு சீட்டுக் குலுக்குவது என்று கைமேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

போன் பேச்சியுடையது. ஆனாலும் முதலில் சுடலையின் பேண்ட் பின்பாக்கெட்டில்தான் ஏறியது. அவன் ஒரு பாறையில் உட்கார்ந்தான். போன் வழுக்கிக்கொண்டு கிளம்பி, தூங்கிக்கொண்டிருந்த கரடியின் முன்னங்கால் அருகே போய் நின்றது. சுடலை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய் எடுத்த அழகில் கரடிக்கே பாவமாக இருந்திருக்கும்.

அடுத்து முதுகுப்பையின் அடியில் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை வழி பார்க்கவும் அடுப்பு, அரிசி, போர்வை எல்லாம் வெளியே வந்தன. நடந்ததைவிடக் கடை பரப்பியதுதான் அதிகம்.

"எங்கிட்ட குடுங்கலே" என்றாள் பேச்சி. பையின் தோள்பட்டை வாரில், நெஞ்சுக்கு நேராக, ரெக்சின் துணியில் ஓர் உறை தைத்து வைத்திருந்தாள். கை எட்டும், கண் எட்டும், குனிந்தாலும் விழாது. பத்தடிக்கு ஒருமுறை வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அந்த மலை தெரிகிற அளவுக்கு ஆகிவிட்டாள்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. அண்டா அண்டாவாகக் கவிழ்த்த மழை. குறுக்கே ஓடிய காட்டாறு இடுப்புக்கு ஏறியது.

"பேச்சி, ஒன் துணி உறைல தண்ணி புகுந்துரும். இந்தா, இதுல போடு" என்றான் ஆவுடை. அவன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பை, நைலான் கயிற்றில் தொங்கியது. "கடலுக்கடியில கொண்டுபோனாலும் ஒண்ணும் ஆவாது. நான் மொதல்ல போயி அக்கரைல கயித்தக் கட்டுதேன். பொறவு நீங்க புடிச்சிட்டு வாங்க."

போட்டாள். யோசிக்கக்கூட இல்லை, நீச்சல் கற்றுக்கொடுத்தவனே அவன்தான்.

ஆவுடை கரையேறினான். இடுப்பில் கட்டிக்கொண்டுபோன கயிற்றை அவிழ்த்தான். கட்டுவான் என்று பார்த்தால், ஆற்றில் விட்டான். திரும்பி ஒரு பார்வை பார்த்தான். பிறகு மரங்களுக்குள் போய்விட்டான்.

"கால் வழுக்கிருச்சோ என்னமோ" என்றாள் பேச்சி.

"வழுக்குனவன் மேல பாத்தா ஓடுவான்?" என்றான் சுடலை.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வரைபடம் போனது, இமயம் போனது என்று அழ வரவில்லை. அந்தத் திரும்பிப் பார்த்த முகம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை.

விடியும்போது மழை தூறலாகி, ஆறு முழங்காலுக்கு இறங்கியிருந்தது. கடந்து ஏறிக்கொண்டிருந்தபோது மலை உச்சியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏட்டி, எந்திரி. வெயிலு முதுகுல அடிக்கி. இன்னும் என்ன ஒறக்கம்?"

சுடலை வெலவெலத்துப் போனான். "யக்ஷியா?"

"எங்கம்மை" என்றாள் பேச்சி. அவள் போனில் எழுப்பும் மணிக்கு அம்மாவின் குரலைத்தான் பதிந்து வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அம்மா திட்டினாள். ஏழு மலைகளும் எதிரொலித்தன; குரங்குகள் எல்லாம் எழுந்து பல் விளக்கப் போனதுபோல் ஒரே பரபரப்பு. குரல் வந்த திசையில் ஏறினார்கள்.

செங்குத்துச் சரிவில் ஆவுடை நுனிக்காலில் நின்றிருந்தான். கழுத்துக் கயிறு பிரம்பங்கொடி முள்ளில் சிக்கி மேலே இழுத்துக்கொண்டிருந்தது. இரு கைகளும் பாறை இடுக்கில். கையை விட்டால் கயிறு நெரிக்கும். பிளாஸ்டிக் பை உள்ளே வியர்த்து, பால்போல வெளுத்திருந்தது.

"ராத்திரியே படம் ஒண்ணும் தெரியலட்டி" என்றான் திணறலாக. "ஈர வெரலுக்கு அசையவும் இல்ல. அம்மைய நிப்பாட்டப் போயி வழுக்கிட்டேன். அறுத்து விடு."

"தொங்கட்டும். குளிச்ச துணி காயுத மாதிரி காயட்டும்" என்றான் சுடலை.

"எதுக்குல இப்படிப் பண்ணுன?" என்று கேட்டாள் பேச்சி.

"சீட்டுக் குலுக்குனா எனக்கு எப்பவுமே விழாது, பேச்சி."

பை கைக்கு எட்டாமல் பள்ளத்தின் பக்கம் தொங்கியது; அறுத்தால் போன் பள்ளத்துக்குப் போகும். அவள் கத்தியை எடுத்தாள். சுடலை அவன் சட்டையைப் பிடித்துக்கொள்ள, கயிறு அறுந்தது. அம்மா திட்டிக்கொண்டே பாதாளத்துக்கு இறங்கிப் போனாள்.

"படமும் போச்சு" என்றான் சுடலை.

பேச்சி கண்ணை மூடினாள். இரட்டைப் பாறை, வலப்பக்கம் வற்றிய ஓடை, ஓடை முடியும் இடத்தில் செவி போல வளைந்த குகை. "நடங்க" என்றாள்.

குகைக்குள் ஊருக்கே சமைத்துப் போடும் அளவுக்கு ஒரு குடம் மின்னியது. மூன்று கைகள் நீண்டன.

"ஒன் கைய எடு ஆவுடை."

எடுத்துவிட்டான். சுடலையும் பேச்சியும் தொட்டார்கள். "எனக்கு ஆடி மாசச் சாரலே ஆவாது. நீயே போ தாயீ" என்று சுடலை சீட்டுக்கே வேலை வைக்கவில்லை.

இறங்கும் வழியில் ஆவுடை மெல்லக் கேட்டான். "கொடத்த நான் கொஞ்சம் தூக்கட்டா?"

பேச்சி அவனிடம் ஈரக் கூடாரத்தைக் கொடுத்தாள். அதுவே நல்ல கனம்.

அடிவாரத்தில் கொட்டும் சீட்டியும் அமளிதுமளிப்பட்டன. தலைவர் மாலையோடு ஓடிவந்தார். "மூணு பேரும் சேந்துதான எடுத்தீங்க?"

ஆவுடை அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்; ஒரே இலையில் தின்ற முகம். பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்ல அவளுக்கு ஆசையும் இருந்தது. போனை நெஞ்சருகே வைத்துக்கொண்டவள், சிநேகிதத்தையும் அங்கேதான் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரு" என்றாள் பேச்சி.