மிஸஸ் ஹார்ட்லி வைத்த ரசம்

அன்று காலை காக்ஸ் டவுன் வீட்டில் பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகமாகவே சத்தம் போட்டன. சின்னத்தாய்க்கு மனசு சரியில்லை என்றால் முதலில் பேசுவது அவள் கைதான்.

சீமையில், லீட்ஸிலிருந்து கடுதாசி வந்திருந்தது. அதுவும் இங்கிலீஷில்! மகன் பெர்னார்ட் இன்ஜினீயர் படிப்புக்குக் கப்பலேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. பெற்ற பிள்ளை என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ள, ஓரகத்தி ரஞ்சிதத்தின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறதே... அந்த எரிச்சல் அவளுக்கு.

ரஞ்சிதம் பள்ளிக்கூட டீச்சர். இருபத்து நாலு வயதில் புருஷனை இழந்தவள். கோலாரிலிருந்து பெற்றவர்கள் வந்து, "இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கிறோம், வா" என்று கெஞ்சியபோதும், "பெர்னார்டைப் படிக்க வைக்கணும்" என்று இங்கேயே நின்றுவிட்டாள். அந்தத் தியாகத்தை ஊரே புகழ்ந்தது. புகழ்ச்சி ஒவ்வொன்றும் சின்னத்தாயைச் சுட்டது.

"என்னவாம்?" என்றாள் முகம் கொடுக்காமல்.

"இது அவன் எழுதினதில்லக்கா. அவன் தங்கியிருக்கற வீட்டம்மா, மிஸஸ் ஹார்ட்லி எழுதியிருக்காங்க. நம்ம பிள்ளைக்குப் பத்து நாளா ஜுரமாம். ஒண்ணும் உள்ள இறங்கலையாம். ரசம், ரசம்னு அனத்தறானாம். நீங்க குடுத்தனுப்பின பொடியும் புளியும் இருக்கு, எப்படி வைக்கிறதுன்னு கேக்கறாங்க."

"ஐயோ, எம் புள்ள!" சின்னத்தாய் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க, எங்கிட்ட மகன் மாதிரிதான் இருக்கான், என்னை 'மம்'னு, அதாவது அம்மான்னுதான் கூப்பிடறான்னும் எழுதியிருக்காங்க."

"'மம்'மா?" வயிற்றிலிருந்த கை இடுப்புக்குப் போயிற்று. "பத்து மாசம் சுமந்தது நானு... மம் அவங்களா? நல்லாருக்குடி நியாயம்!"

வீட்டுக்குள் ஒருத்தியோடு அவனைப் பங்கு போட்டுக்கொண்டது போதாதா? இப்போது கடல் தாண்டி இன்னொருத்தி! முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரி தன் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை நினைத்ததும், கையில் கிடைத்த டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"எழுதிக்கோ" என்றாள். "புளியக் கரைச்சு, பொடியப் போட்டு... மூடி வெச்சு, முக்கால் மணி நேரம் நல்லாக் கொதிக்க விடணும்."

ரஞ்சிதத்தின் பேனா நின்றது. "அக்கா... நுரை கட்டினதும் இறக்கணுமே! அவ்ளோ நேரம் கொதிச்சா கசந்துடாது?"

"பாடம் நடத்தறத இஸ்கூலோட நிறுத்திக்கோ. எம் பிள்ளைக்கு ரசம் வைக்க எனக்கே கத்துத் தர்றியா?"

அந்த 'எம் பிள்ளை'யைக் கேட்டால் ரஞ்சிதம் எப்போதும் தலையைக் குனிந்துகொள்வாள். அன்றும் அப்படித்தான். சொன்னபடியே எழுதினாள்.

ஒரு வாய் வைத்ததும், 'எங்கம்மா கைக்கு ஈடாகுமா' என்று பையன் அந்த ரசத்தைத் தள்ளிவிட வேண்டும். சின்னத்தாய் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் புருஷன் ஓஸ்வால்ட் ஆபீசுக்குக் கிளம்பியவர், அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார்.

"அப்பா, ஜுரம் விட்டுவிட்டது. மம், அம்மா சொன்னபடியே கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ரசம் வைத்தார்கள். என்னால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. கசந்தது. பொடி அம்மா இடித்தது, பக்குவம் அம்மா சொன்னது. அப்படியானால் கோளாறு என் நாக்கில்தானே? இங்கே எல்லாரும் என்னைப் பெர்னி என்கிறார்கள். கனவுகூட இங்கிலீஷில்தான் வருகிறது. நான் வேறு ஆளாகிவிட்டேன், அப்பா. ஊருக்கு வந்து உங்கள் மகனாக நடிப்பதைவிட இங்கேயே ஒரு வேலை பார்த்துக்கொள்கிறேனே..."

ஓஸ்வால்ட் காகிதத்தைக் கசக்கினார். "ரஞ்சிதம்! என்னத்தம்மா எழுதித் தொலைச்சே? இவ்ளோ படிச்சும் ஒரு ரசத்த ஒழுங்கா எழுதத் தெரியலையா? எம் பிள்ளைய எனக்கில்லாம பண்ணிட்டியே!"

ரஞ்சிதம் ஒரே ஒருமுறை சின்னத்தாயைப் பார்த்தாள். பிறகு, "தப்பு என்னோடதுதான், மாமா" என்றாள். "நான் கோலாருக்கே போயிடறேன்."

அவள் உள்ளே போய்ப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். 'போகட்டுமே' என்று அந்த நேரத்திலும் சின்னத்தாயின் மனசு ஒரு நொடி சொல்லத்தான் செய்தது. மறு நொடி, எங்கோ குளிர் தேசத்தில் கரண்டியைக் கையில் பிடித்தபடி, தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை கண்ணுக்குள் வந்தான்.

"அவளத் திட்டாதீங்க!" அலறிக்கொண்டு எழுந்தாள். "அவ வேணாம்னுதான் சொன்னா! நான்தான்... வேணும்னே தப்பாச் சொன்னேன். எம் புள்ள இன்னொருத்திய அம்மான்றானேன்னு வயிறு எரிஞ்சு சொன்னேங்க!"

உள்ளே ஓடி, பெட்டியின் மேல் குனிந்திருந்த ரஞ்சிதத்தைக் கட்டிக்கொண்டாள். "எம் பாவத்த நீ ஏன்டி சுமந்தே? இத்தன வருசமா உன்மேலயும் இதே எரிச்சல்தான்டி எனக்கு..."

"தெரியும்க்கா" என்றாள் ரஞ்சிதம். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வாசற்படியில் ஓஸ்வால்ட் நின்றார். "என்னை மன்னிச்சிடும்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

சின்னத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து ரஞ்சிதத்தின் கையில் திணித்தாள்.

"எழுது. ராஜா, உன் நாக்குல ஒரு கோளாறும் இல்லடா. கசந்தத கசக்குதுன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு. உங்கம்மாதான் பொறாமையில பொய் சொல்லிட்டா."

"இப்படியேவா எழுதறது? உங்களப் பத்தி என்னக்கா நினைப்பான்?"

"என்னப் பத்தி எது வேணா நினைச்சுக்கட்டும். தன்னப் பத்தித் தப்பா நினைக்கக் கூடாது."

ரஞ்சிதம் எழுதி முடிக்கும்வரை சின்னத்தாய் காத்திருந்தாள். "அந்தம்மாவுக்கும் தனியா ஒண்ணு எழுது. நுரை கட்டினதும் இறக்கணும்னு. அப்புறம்..." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எம் பிள்ளைக்கு நீங்களே வெச்சுக் குடுங்கன்னு எழுது."

பேனா ஓடியது. அது ஓடி முடியும்வரைகூடச் சின்னத்தாயால் பொறுக்க முடியவில்லை.

"அந்த 'மம்'ம மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லேன்டி..."

"அத மட்டும் எழுத மாட்டேன், போங்கக்கா!" என்றாள் ரஞ்சிதம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.