பச்சை என்று சொன்னவர்கள்

“என்ட புள்ள குருடா, பொய்க்காரியா? ரெண்டில ஒண்டச் சொல்லுங்க டீச்சர்” என்றாள் ஸுஹைறா.

இடைவேளை மணி அடித்து ஆசிரியர் அறை நிறைந்திருந்தது. சித்தி லைலா டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவர் அவர். பள்ளிக்கூடத்தில் ஏதாவது காணாமற்போனாலும், யாராவது யாரையாவது குற்றம் சொன்னாலும், கடைசியில் அந்தக் கதை அவருடைய மேசைக்குத்தான் வந்து சேரும். அவர் குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்பார். பதில் சொல்லுகிறவர்கள் தாங்களாகவே வழுக்கி விழுவார்கள்.

பக்கத்தில் இருந்த றஸ்னா தேநீரைக் கீழே வைத்தாள். விலங்கியலில் பட்டம் முடித்துவிட்டு, நியமனத்துக்குக் காத்திருக்கும் காலத்தில் தொண்டராசிரியையாக வந்தவள். டீச்சரிடம் ஒரு வழக்கு வந்தால் அவளுக்கு வேறு வேலை ஓடாது.

“ஆறுதலாச் சொல்லுங்க. றிபாவுக்கு என்ன?”

“ரசாயனப் போட்டிக்கு ரெண்டு பேர எடுத்தாங்களாம். பாக்கிறதச் சொல்லோணுமாம். இவள் ஒண்ட மாத்திச் சொல்லிட்டாளாம். மத்த ரெண்டு புள்ளைகளும் பச்சை எண்டிரிக்காங்க. இவள் மட்டும் கபிலம், மண்ணிறம் எண்டிரிக்காள். ஜவுபர் சேர் இவளுக்கு நிறம் தெரியாது, விஞ்ஞானப் பிரிவில வெச்சிரிக்க ஏலாது, கலைப்பிரிவுக்கு மாத்துங்க எண்டு அதிபர்க்கிட்டச் சொல்லிட்டார். நாளைக்கு மாத்தப்போறாங்களாம்.”

“கண்ணக் காட்டினீங்களா?”

“கல்முனையில காட்டினம். நிறம் தெரியுதா எண்டு பாக்க, புள்ளி புள்ளியா ஒரு புத்தகம் வெச்சிரிக்கார் டொக்டர். எல்லாத்தையும் வாசிச்சிட்டாள். கண்ணில ஒண்டுமில்லயாம்.” ஸுஹைறா முந்தானையைச் சரிசெய்தாள். அவளுடைய வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. “எனக்கு நூல் எடுத்துத் தாறதே அவதான். கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும் நான் தடுமாறுவன். அவ தடுமாறமாட்டா. அப்ப பொய் சொல்றாளா? அதுதான் நேத்து ரெண்டு போட்டன். அப்பயும் கபிலம் எண்டுதான் நிக்கிறாள்.”

“அடிக்க வேணாம்கா” என்றார் டீச்சர். “நாளைக்கு நீங்களும் வாங்க.”

ஸுஹைறா போனதும் றஸ்னா முன்னால் சரிந்தாள். “எனக்கு விளங்கிட்டு டீச்சர். றிபா போற நேரம் பாத்து ஆரோ பொருள மாத்தி வெச்சிரிக்காங்க. பிறகு பழையபடி வெச்சிரிக்காங்க.”

“பாப்பம்” என்றார் டீச்சர்.

ரசாயனம் படிப்பிக்கும் ஜவுபர் சேர் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார். அவர்கள் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே றிபாவைப் பலகைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். மெலிந்த பிள்ளை. பர்தாவின் விளிம்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சேர் கையில், அமிலம் சோதிக்கும் நீலப் பாசிச்சாயத்தாள் ஒன்று.

“இது என்ன நிறம்?”

“நீலம், சேர்.”

சேர் வகுப்பைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார்.

“இல்ல, சேர்” என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. சிலர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார்கள்.

“வடிவாப் பாரு. திரும்பப் பாரு.”

றிபா தாளைப் பார்த்தாள். வகுப்பைப் பார்த்தாள். “நீலம்” என்றாள், முன்னதைவிட மெதுவாக.

“இல்ல, சேர்.”

“திங்கள்ல இருந்து இந்தக் கூத்துத்தான்” என்று றஸ்னா காதோடு சொன்னாள். “சரியாச் சொன்னாலும் இல்ல எண்டு சொல்லச் சொல்லியிரிக்கார். தன்ட கண்ண நம்பினா இப்படித்தான் வரும் எண்டு காட்டுறாராம்.”

சேர் றிபாவின் பக்கம் திரும்பினார். “உங்கட வீட்டுத் தறிக்கு நூல் எடுக்கிறதும் நீதானாம். ஊர் முழுக்க என்ன கலரில சாரம் உடுத்தித் திரியுதோ, அல்லாஹ்தான் அறிவான்.” வகுப்பு வெடித்தது. றிபாவும் சிரிக்க முயன்றாள். அதைப் பார்க்க றஸ்னாவால் முடியவில்லை.

மணி அடித்தபின் டீச்சரும் றஸ்னாவும் ஜவுபர் சேரோடு ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். ஜவுபர் சேருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. தேர்வு நடத்திய விதத்தில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

“பெரசு சல்பேற்றுக் கரைசல்ல எரிசோடா விட்டன். முதல் மணிக்கு முந்தி வடிச்சு, வடிதாளோட இந்த மேசையில விரிச்சு வெச்சன். ஈரம் காயட்டும் எண்டு காத்தாடியையும் போட்டன். மத்தச் சாமான்கள் வரிசையா இரிந்திச்சு. இது கடைசி. ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டன். ஒருத்திக்கு ஒரு பாடவேளை.”

“நீங்க எங்க இரிந்தீங்க, சேர்?”

“அந்த ஜன்னலடியில. முதுகக் காட்டிட்டுத்தான் இரிந்தன். இவளுகள் நம்மட மூஞ்சியப் பாத்தே விடைய எடுத்திருவாளுகள். வாயால சொல்லச் சொன்னன், புள்ளி போட்டன்.”

“ஆர் முதல்?”

“அஸ்னா. அவள் பச்சை, ஓரத்தில கொஞ்சம் கபிலம் எண்டாள். ஓரத்தில கபிலம் எண்டு எந்தப் புத்தகத்தில இரிக்கி? அரைப்புள்ளிய வெட்டினன். அதுக்குப் பிறகு இந்த மகாராணி. கபிலமாம். கடைசியா ஷாஹினா. அழுக்குப் பச்சை எண்டாள். சொல்லுக்குச் சொல் சரி.”

“ஷாஹினா உங்கட ரியூசனுக்கும் வாறவதானே?”

“ஓம். கெட்டிக்காரி. அதில என்ன?”

“ஒண்டுமில்ல. பிறகு அந்தத் தாள்?”

“சுருட்டி வாளிக்க போட்டன்.”

வெளியே வந்ததும் றஸ்னாவால் பொறுக்க முடியவில்லை. “மாத்தியிரிக்கித்தானே டீச்சர்? ஆர் மாத்தினது?”

“மாத்தினவரத் தெரியும். ஆனா பிடிக்க ஏலாது. அவர் இப்பவும் அந்த அறைக்குள்ளதான் நிக்கிறார்.”

“ஜவுபர் சேரா?”

“அவர் ஒண்டையும் மாத்தல்ல. பாவம், ஒண்டையும் பாக்கவுமில்ல.”

மறுநாள் காலை ஆய்வுகூடத்தில் அதிபர் மசூர், ஜவுபர் சேர், ஸுஹைறா மூவரையும் டீச்சர் உட்காரவைத்தார். பிள்ளைகள் மூவரும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் சொன்னபடி றஸ்னா பெரசு சல்பேற்றைப் புதிதாகக் கரைத்தாள். எரிசோடாவை விட்டதும் குழாயில் பச்சையாகத் திரண்டது. அதை வடித்து, தாளை விரித்து மேசையில் வைத்து, காற்றாடியைப் போட்டாள்.

“என்ன நிறம், சேர்?” என்று டீச்சர் அதிபரைக் கேட்டார்.

“பச்சை. ஒரு மாதிரி அழுக்குப் பச்சை.”

“நல்லம். தேத்தண்ணி குடிப்பம்.”

தேநீர் வந்தது. டீச்சர் மழையைப் பற்றிக் கதைத்தார். நற்பிட்டிமுனை வயல்களில் தண்ணீர் நிற்பதைப் பற்றிக் கதைத்தார். அதிபர் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜவுபர் சேர் மட்டும் இப்போது மேசையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கோப்பையிலிருந்த தேநீர் ஆறி ஆடை படிந்தது.

“இப்பப் பாருங்க, சேர்” என்றார் டீச்சர்.

தாளில் துரு படிந்ததுபோல் இருந்தது. பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை.

“காத்துப் படப்பட ஓரத்தில இருந்து கபிலமாகும். அஸ்னா முதல் போனவ. பச்சையக் கண்டா, ஓரம் மாறத் தொடங்கினதையும் கண்டா. அதுக்குத்தான் அரைப்புள்ளி போனது. றிபா ஒரு பாடவேளைக்குப் பிறகு போனவ. அவ கண்டது இதைத்தான். ரெண்டு பேரும் கண்டதத்தான் சொல்லியிரிக்காங்க.”

“காத்துப்பட்டா கபிலமாகும் எண்டு எனக்குத் தெரியாதா?” என்றார் ஜவுபர் சேர்.

“தெரியும். அதாலதான் கேக்கிறன், சேர். ஒருக்காவாவது திரும்பிப் பாத்தீங்களா?”

அவர் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“கபிலமானது திரும்பப் பச்சையாகாது. றிபாவுக்கும் பிறகு போன ஷாஹினா பச்சையக் கண்டிரிக்க ஏலாது. ரெண்டு பேர் பச்சை, ஒருத்தி கபிலம் எண்டு எண்ணினதுதான் பிழை. ஆருக்குப் பிறகு ஆர் எண்டு பாத்திரிக்கோணும்.”

ஸுஹைறா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று முன்தினம் அடித்த கை.

ஷாஹினாவைக் கூப்பிட்டார்கள். அவள் தாளைப் பார்த்தாள். “கபிலம்” என்றாள், கேட்குமுன்பே.

“அண்டைக்கு என்ன கண்டீங்க மகள்?”

“அண்டைக்கும் கபிலந்தான், டீச்சர்.”

“அப்ப ஏன் பச்சை எண்டீங்க?”

“சேர் ரியூசன்ல பச்சை எண்டுதானே தந்தவர்.” அவளுடைய குரலில் பயமில்லை. “விடை அதுதானே.”

றஸ்னாவுக்குக் கைதட்டவேண்டும் போலிருந்தது. வழக்கு முடிந்துவிட்டது. அதிபர் தொண்டையைச் செருமினார். “சரி. றிபாவையும் ஒருக்காக் கேட்டிட்டு முடிப்பம். என்ட முன்னால கண்டதச் சொல்லட்டும். அஸ்னாவோட அவவே போட்டிக்குப் போகட்டும், கலைப்பிரிவுக் கதையும் வேணாம்.”

“கேளுங்க சேர்” என்றார் டீச்சர். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

றிபா வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். வராந்தா ஜன்னலில் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் முண்டியடித்தன. அவள் தாளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜவுபர் சேரைப் பார்த்தாள்.

“இது என்ன நிறம்?” என்றார் அதிபர்.

“பச்சை, சேர்.”

அதிபர் டீச்சரின் பக்கம் திரும்பினார்.

“பயப்பட வேணாம் மகள்” என்றார் டீச்சர். “வடிவா, திரும்பப் பாருங்க.”

சொல்லி முடித்த கணத்திலேயே டீச்சரின் முகம் மாறியதை றஸ்னா கண்டாள். நான்கு நாளாக அந்தப் பிள்ளை, தான் சொன்னது பிழை என்று அறிந்தது அந்தச் சொல்லால்தான். றிபா தாளைத் திரும்பப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து நின்று, வகுப்பில் விடை ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

“அழுக்குப் பச்சை, சேர்.”

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜவுபர் சேர் எழுந்து தன் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

“சேர், இந்தப் புள்ளைய இப்படி ஆக்கினது...” என்று டீச்சர் தொடங்கினார். குரல் உயர்ந்திருந்தது.

“ஆக்கினவரப் பத்திப் பிறகு கதைப்பம், டீச்சர். போட்டி நாளையிண்டைக்கு. அஸ்னாவோட நான் அங்க ஆர அனுப்புற? ஒருத்தி கபிலத்தக் கபிலம் எண்டுறாள், தேவைப்பட்டாப் பச்சையும் சொல்றாள். மத்தவள்...” அதிபர் கையை விரித்தார். “கலைப்பிரிவும் நல்ல பிரிவுதான், உம்மா. பயப்படாதீங்க.”

ஸுஹைறா எழுந்து மகளின் தோளைப் பிடித்தாள். அடிக்கவா, அணைக்கவா என்று அந்தக் கைக்கே தெரியாததுபோல் இருந்தது. வாசலில் றிபா நின்று, றஸ்னாவைத் திரும்பிப் பார்த்தாள். நாலு நாளாக இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது.

“இண்டைக்குச் சரியாச் சொல்லிட்டன்தானே, டீச்சர்?”

“ஓம்” என்றாள் றஸ்னா.