நிலவறைப் பலகை

பழைய துறைமுகக் கோட்டையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கு ‘மைக்செட்’ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். கோட்டைக்கு அடியிலிருந்த நிலவறைதான் அவர் பிழைப்பு. கப்பல் வரும்வரை அடிமைகளை அடைத்துவைத்த அறை அது. உள்ளே கடல் புகுந்து அவர்கள் அலறி அலறிச் செத்த கதையைத் துளி வருத்தமில்லாமல் ரசித்து ரசித்துச் சொல்வார்.

கதையோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. கூட்டத்தை உள்ளே விட்டு, விளக்கை அணைத்து, இரும்புக் கதவைச் சாத்துவார். வெளிச்சுவரில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உள்ளே ஸ்பீக்கரில் அழுகுரல் கேட்கும். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் எல்லோரும் வெளிறிப்போய் வருவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி இன்பம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார். வெளியே வந்ததும் வாங்கிப் பலகையில் மாட்டுவார். ஓர் ஆணிகூடக் காலியாக இல்லையென்றால்தான் பூட்டுவார்.

அன்று மதியம் அவர் மனைவி வந்திருந்தாள். விளக்கில்லாமல் தூங்காதவள். முந்தைய நாள் அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லி அவர் கெக்கலித்ததில் ரோஷம் பொத்துக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள். படியிறங்கும்போதே கை சில்லிட்டிருந்தது.

“ஒரு நிமிஷந்தானேங்க?”

“பயமா இருந்தா கதவத் தட்டு. உடனே திறக்கிறேன். நான் எங்க போயிடப் போறேன்?”

கதவு மூடியது. பொத்தானை அழுத்தினார். அழுகுரல் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சுத்தமாகக் கேட்டது.

திறந்ததும் கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வந்தது. ஒரு குண்டு மனிதர் ஆளைத் தள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்து மைக்செட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை நீட்டி வில்லைகளை வாங்கினார்.

கடைசி வில்லை ஈரமாக இருந்தது.

அதை வைத்த விரல்களும்தான்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பலகை நிறைந்தது, பூட்டினார். மனைவியைக் காணோம். ‘மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா’ என்று நினைத்துக்கொண்டார். அடுத்த கூட்டம் வர நேரமிருந்தது.

அப்போது உள்ளேயிருந்து அலறல் கேட்டது. கூடவே கதவு அதிர்ந்தது.

பொத்தானை அழுத்திப் பார்த்தார். நிற்கவில்லை. “சனியன், ஸ்பீக்கர் மறுபடியும் சிக்கிக்கிச்சு” என்று திட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். நிதானமாக இரண்டு டீ குடித்தார்.

திரும்பி வந்தபோது அலறல் இல்லை. கதவின் அடியில் ஏதோ பிராண்டும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

டிக்கெட் கொடுக்கும் அக்கா படியிறங்கி வந்தாள். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒயர் தரையில் இழுபட்டது.

“இந்தாங்க, உங்க ஸ்பீக்கர். காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியன் கழட்டிட்டுப் போனாரு. இப்பத்தான் சரிபண்ணிக் குடுத்தாரு.”

மைக்செட்டுக்கு முதன்முறையாக வாய் அடைத்தது. பாய்ந்துபோய்ப் பூட்டைத் திறந்து கதவை இழுத்தார்.

கதவோடு ஒட்டிக் கிடந்தாள் அவள். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. உயிர் இல்லை. தலைமுடியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. அறைக்குள் எங்கும் ஈரமே இல்லை.

இறுக மூடியிருந்த அவள் கையைப் பிரித்தார்.

உள்ளே வில்லை.

பலகையைப் பார்த்தார். ஓர் ஆணிகூடக் காலியாக இல்லை. ஓரத்தில் தொங்கிய ஒன்றில் மட்டும் எண் இல்லை. பச்சைக் களிம்பேறி, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா பலகையை எட்டிப் பார்த்தாள். “அப்போ... இவங்களுக்குப் பதிலா யாரை வெளிய விட்டீங்க?”

அவர் மனைவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு “நான் ஸ்பீக்கர்னு நெனச்சேன்டி, ஸ்பீக்கர்னு நெனச்சேன்” என்று குமுறிக் குமுறி அழுதார்.

அக்காவின் கையிலிருந்த பெட்டி கரகரத்தது. அதன் ஒயர் தரையில்தான் கிடந்தது.

பெட்டிக்குள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

“ஏங்க... தட்டுறேனே, கேக்கலையா?”