முள் எடுத்த மீன்

"வாயைத் திற. டேய் சேர்மன், திறடா."

துவாயால் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பூனையின் கடைவாய்க்குள், ஊசியில்லாத சிரிஞ்சை நுழைத்து அழுத்தினாள் தர்சினி. பழுப்புக் கூழ் உள்ளே போனது. போன வேகத்திலேயே வெளியே வந்து அவளுடைய யூனிஃபோர்மில் வழிந்தது. காலை எட்டே கால். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்தவள் இன்னும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. மூன்று நாளாகச் சேர்மனின் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. இன்று பின்னேரத்துக்குள் எதையாவது தின்னாவிட்டால் ஈரல் கெடத் தொடங்கிவிடும் என்று மிருக வைத்தியர் நேற்றே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது சிரிஞ்ச். சேர்மன் கடிக்கவில்லை, பிறாண்டவும் இல்லை. அவளைப் பார்க்கவே இல்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால், நடையின் கடைசியில் சாத்திக் கிடந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. காதுகள் மட்டும் மெல்லத் திரும்பின, இடமிருந்து வலமாக. கதவுக்கு அப்பால் யாரோ கட்டிலை விட்டு எழும்பி யன்னல் வரைக்கும் நடந்தால் எப்படித் திரும்புமோ, அப்படி.

தர்சினி திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது.

அது மாமாவின் அறை. கணவன் அனோஜனின் அப்பா, கணேசலிங்கம். அவர் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். மத்தியான நித்திரையிலேயே போய்விட்டார். கஷ்டப்படாத சாவு, கொடுத்துவைத்த மனுசன் என்று செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு போன தர்சினிதான் முதலில் கண்டவள். சேர்மன் அவருடைய நெஞ்சின் மேல் படுத்திருந்தது. அதை அங்கிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வெளிநாட்டில், வெரிபீ என்ற இந்தப் புறநகரில், புது வீட்டுக்கு வந்த முதல் கிழமை, கட்டி முடியாத பக்கத்து வீட்டுச் செங்கல் குவியலுக்குள் இருந்து வந்த குட்டி அது. வந்ததும் நேரே போய் மாமாவின் கதிரையில் ஏறி உட்கார்ந்தது. இறக்க இறக்க ஏறியது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக முப்பது வருசம் எத்தனையோ சேர்மன்மாரிடம் ஏச்சு வாங்கிய மாமா, இவர் ஒருவரையாவது தன் கையால் சோறு போட்டு வளர்க்கிறேன் என்று பெயர் வைத்துவிட்டார். அனோஜன் விடிய ஆறரை ரெயினுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவான். தர்சினி பகல் முழுக்க நித்திரை. நாலு வருசமாக இந்த வீட்டின் பகல், கிழவருக்கும் பூனைக்கும் மட்டும் சொந்தமாக இருந்தது.

பூனைகளுக்கும் துக்கம் உண்டு என்றாள் வைத்தியர். அவருடைய உடுப்பைத் தோய்க்க வேண்டாம், மணம் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தையும் இடத்தையும் மாற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் இருங்கள். பக்கத்தில் இருக்க ஆள் எங்கே? செத்தவீட்டுக்கு எடுத்த நாலு நாள் லீவோடு எல்லாம் முடிந்துபோயிற்று. தர்சினிக்கு இருந்தபடியே கண் சொருகியது.

நேற்றிரவு அவள் வேலைக்கு வெளிக்கிடும்போது, அப்பாவின் சுடலையில்கூட அழாத அனோஜன் குசினித் தரையில் பூனைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"இதையும் விட்டுடாதையும், தர்சி. அப்பான்ர எண்டு இந்த வீட்டில மூச்சு விடுறது இது ஒண்டுதான்."

விடமாட்டாள். இன்னொரு உயிர் இந்த வீட்டில், அவள் இருக்கும்போது, போகக்கூடாது. அது மட்டும் கூடாது.

சிரிஞ்சைக் கழுவும்போதுதான் நினைவு வந்தது. இந்தப் பன்னிரண்டு நாளில் சேர்மன் வயிறாரத் தின்றது ஒரே ஒரு தரம். எட்டுச் செலவன்று.

எட்டாம் நாள் சடங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கும் நாகேஸ்வரி அன்ரிதான் நின்று நடத்தினா. மாமாவுக்குப் பிடித்த பிட்டு, மீன்குழம்பு, அவித்த முட்டை, சின்னக் கிளாசில் சாராயம். வாழையிலையில் படைத்து, அவருடைய அறையில் வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். அவர் வந்து உண்பார். பொழுதுபட்ட பிறகு அந்தப் படையலைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வரவேண்டும். அதோடு அவர் போய்விடுவார். வெரிபீயில் சந்தி என்றால் நடுவில் புல்வட்டம் போட்ட ரவுண்டபவுட். நாலு பக்கமும் கமரா வைத்த வீடுகள். வந்தவர்களை இறக்கிவிடக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய அனோஜன், நீர் கொண்டுபோய் வைத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஒன்பதுக்கு வேலை. கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. தர்சினி படையலை எடுக்கவேயில்லை. அன்ரி கேட்டபோது, வைத்துவிட்டேன் என்றாள். அடுத்த நாள் காலை அறையைத் திறந்தால் இலை துடைத்த மாதிரி இருந்தது. எப்போது உள்ளே போனதோ, சேர்மன் மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

பூனைக்கு அந்த அறையில்தான் சாப்பாடு வேண்டும் போல.

விளைமீன் துண்டு இரண்டை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தாள். மாமாவின் எவர்சில்வர் தட்டில் ஒரு பிடி சோற்றோடு வைத்தாள். அவர் சாப்பிடும் நேரத்தில், பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது, அவருடைய கதிரைக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்து, பக்கத்தில் அவருடைய டம்ளரில் தண்ணீரும் வைத்து, பூனையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். அறைக்குள் கோடாலித் தைலமும் அவர் உடுத்த பழைய சாரமும் ஹீட்டரின் சூட்டுக்காற்றும் கலந்த ஒரு மணம் நின்றது.

அரை மணி கழித்துத் திறந்தபோது தட்டு வெறுமையாக இருந்தது. சேர்மன் கதிரையின் கீழே கிடந்து வயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. தர்சினிக்கு அழுகை வந்துவிட்டது. அனோஜனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். தட்டைக் கழுவ எடுத்தபோதுதான் பார்த்தாள். மீன்முள் எல்லாம் தட்டின் வலது விளிம்பில் வரிசையாகக் கிடந்தது. பெரியது முதலில், பிறகு சின்னது, அதைவிடச் சின்னது.

பூனை ஒதுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கழுவினாள். நித்திரை முட்டியவளுக்கு அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அடுத்த நாளும் முள் வரிசையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் டம்ளரில் தண்ணீர் அரைவாசி குறைந்திருந்தது. சேர்மன் மறுபடி எழும்பி நடந்தது, மயிரை நக்கித் துப்புரவாக்கத் தொடங்கியது. வைத்தியர் நிறுத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அவருடைய நேரத்துக்கு, அவருடைய இடத்தில் வைக்கிறேன் என்றாள் தர்சினி. அதுதான் சரி, விடாமல் செய்யுங்கள் என்றாள் வைத்தியர்.

நாலாம் நாள் கதவை முழுதாகச் சாத்தாமல் விரல் நுழையும் அளவுக்கு விட்டாள்.

உள்ளே பாதி இறக்கிய திரை, சாம்பல் வெளிச்சம். தட்டு மேசையில். சேர்மன் மேசைக்குப் பக்கத்திலேயே இல்லை. கதிரையின் காலடியில் பின்னங்காலில் குந்தி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. மென்றது. விழுங்கியது. நாக்கால் உதட்டைத் தடவிவிட்டு மறுபடி மேலே பார்த்தது. வாய் திறந்தது. மென்றது. தட்டின் பக்கம் அது ஒரு தரம்கூடக் குனியவில்லை.

தட்டில் மீன் குறைந்துகொண்டே வந்தது.

தர்சினி பின்பக்கமாகவே நடந்து குசினிக்கு வந்து, நாகேஸ்வரி அன்ரிக்கு ஃபோன் அடித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. எட்டுச் செலவைச் சந்தியில கொண்டுபோய் வைச்சனியே?"

"இல்லை அன்ரி. அண்டைக்கு ஏலாமல் இருந்தது."

"அந்த மனுசனைச் சாப்பிடக் கூப்பிட்டுப் போட்டு, போயிட்டு வாங்கோ எண்டு சொல்லாமல் விட்டிருக்கிறாய். இப்ப நாளாந்தம் கூப்பிடுறாய். பிறகு அவர் எப்பிடிப் போவார்?"

இன்றைக்கே கொண்டுபோய் வை, திரும்பிப் பாராதே, இனிமேல் அந்த அறையில் ஒரு பருக்கை வைக்காதே என்று அன்ரி சொன்னா. தர்சினி அப்படியே செய்தாள். பட்டப்பகலில், ரவுண்டபவுட்டின் புல்லில், தட்டோடு வைத்துவிட்டு வந்தாள். ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே சேர்மன் சாப்பிடுவதை நிறுத்தியது.

குசினியில் வைத்தாள், வரவில்லை. கையில் வைத்து நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாமாவின் கதவடியில் போய்ப் படுத்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் எழும்ப முயன்று பின்னங்கால் மடங்கி விழுந்தது. வைத்தியர் சாப்பாடு செலுத்தக் கழுத்தில் குழாய் போடுவதைப் பற்றிப் பேசினாள், போட்டாலும் தப்பும் என்று சொல்ல முடியாது என்றாள். அனோஜன் வேலைக்குப் போகாமல் நின்று, பூனையின் தலையைத் தடவித் தடவி, மன்னித்துக்கொள் அப்பா என்று பூனையிடம் சொன்னான். என்னத்துக்கு மன்னிப்பு? வீட்டில் ஒரு ஆள் நித்திரையாகக் கிடந்தும், வேலைக்குப் போன தான் அப்பாவைத் தனியாகச் சாக விட்டுவிட்டானாம்.

தர்சினி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை, அவன் ரெயினுக்குப் போன பிறகு, விளைமீனை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடக் களைப்புப் பெரிதாக இருந்தது. வருகிறவர் வந்து பூனைக்குத் தன் கையால் தீத்திவிட்டுப் போகட்டும். அது பிழைக்கட்டும். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது வேறொரு தட்டில் வைத்தாள், சேர்மனைத் தூக்கிக்கொண்டு போய்க் கதிரையடியில் விட்டாள், கதவைச் சாத்தினாள்.

பிறகு தன் அறைக்குப் போய், யன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, யூனிஃபோர்மோடேயே கட்டிலில் விழுந்தாள்.

ஹீட்டர் மூச்சு விட்டது. எங்கேயோ ஒரு வீட்டுக் கூரையில் ஆணி அடிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, காற்றோடு வந்து, காற்றோடு தேய்ந்து, கடைசியில் அதுவும் நின்றது. பஞ்சுக்குள் புதைவது போல நித்திரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தவளுக்கு, நடையின் கடைசியில் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது.

பூனை கைப்பிடி திருப்பாது.

கண்ணைத் திறந்தாள். அவளுடைய அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நடையில் மங்கல் வெளிச்சம். கோடாலித் தைலம் மணத்தது.

டப்.

மெத்தென்ற சத்தம். ரெனிஸ் பந்து தரையில் படுவது போல. வழுக்காமல் இருக்க மாமா பிடித்து நடக்கும் வோக்கரின் கால்களில் அனோஜன் குத்திவிட்ட பந்துகள். அந்த வோக்கரை ஆஸ்பத்திரிக்காரர் எடுத்துக்கொண்டு போய் இரண்டு கிழமை.

டப்.

பிறகு சாரம் உரசும் சத்தம். பிறகு ஒரு மூச்சு.

டப்.

சேர்மன் கதவடியில் தெரிந்தது. வால் நிமிர்ந்திருந்தது. மூன்று அடி வைத்தது. நின்றது. திரும்பிப் பார்த்தது. மாமா நடக்கும்போதெல்லாம் அது இப்படித்தான் முன்னால் போகும், மூன்று அடிக்கு ஒரு தரம் நின்று, கிழவர் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்கும். இப்போதும் பார்த்துக்கொண்டு நின்றது.

டப்.

வந்து சேர்ந்துவிட்டது போல, பூனை நிலையடியில் உட்கார்ந்தது. ஒரு மனுசனின் முகம் இருக்கும் உயரத்துக்குத் தலையைத் தூக்கியது. தொண்டைக்குள் உறுமியது, பன்னிரண்டு நாளும் அதற்குப் பிறகும் ஒரு தரம்கூடக் கேட்காத அந்தச் சந்தோச உறுமல். பிறகு, ஆளைக் காட்டிக்கொடுப்பது போல, மெல்லத் திரும்பிக் கட்டிலைப் பார்த்தது.

தர்சினி கண்ணை மூடினாள். நித்திரை. நான் நித்திரை. அனோஜனுக்கும், டொக்டருக்கும், வந்து துக்கம் கேட்ட ஒவ்வொருவருக்கும் அவள் சொன்னது அதைத்தான். இன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. கேட்க வந்திருக்கும் ஆளுக்குத் தெரியும்.

அந்த மத்தியானம் அவள் நித்திரையாக இருக்கவில்லை.

ஏதும் வேண்டுமென்றால் அமத்துங்கோ என்று மாமாவின் கட்டிலோடு அனோஜன் ஒரு பட்டனை ஒட்டிவிட்டிருந்தான். அதன் மணி தர்சினியின் தலைமாட்டில், சுவரில் செருகியிருந்தது. இரவு முழுக்க நாற்பது அறைகளின் மணிக்கு ஓடிவிட்டு வந்து படுத்தவளின் காதுக்குள் அது அடித்தது. ஒரு தரம். இரண்டு தரம். இடைவெளி விட்டு விட்டு, ஏழு தரம். எட்டாவது தரம் அடிக்க முதல் அவள் கையை நீட்டி, பிளக்கைக் கழற்றிவிட்டு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.