நான்கு திருகாணித் துளைகள்

வார்னிஷ் அறையின் கதவில் அந்த நான்கு துளைகளும் மறுபடி தலைகாட்டியிருந்தன.

துளைகள் என்றுகூடச் சொல்ல முடியாது. கடுகளவு பள்ளங்கள் நான்கு, ஒரு சிறிய சதுரத்தின் மூலைகளில். வேறு யார் கண்ணிலும் படாது. ஆனால் அவற்றை அடைத்தவர் சிற்பி. மரத்தூளைப் பசையில் குழைத்துத் திணித்து, உப்புத்தாளால் நைசாகத் தேய்த்து, கதவின் நிறத்துக்கே சாயம் கலந்து பூசிய வேலை. அவருடைய கைவேலையிலேயே உச்சம் அதுதான். வெளியில் சொல்லிப் பெருமைப்பட முடியாமல் போனதும் அது ஒன்றுதான்.

சிற்பி என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. வாரத்தில் ஐந்து நாள் அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர் வீட்டு விபத்துகளுக்குக் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்புகிறவர். மீதி இரண்டு நாள் வீட்டின் கீழ்த்தளப் பட்டறையில் எலக்ட்ரிக் கித்தார் செய்வார், செய்ததைப் படமெடுப்பார். புகைப்படம்தான் முதல் காதல். சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கும் ஒரே பொருள் கித்தார் என்பதால் அது இரண்டாவது காதலாயிற்று. விசிட்டிங் கார்டில் 'ஒலிச் சிற்பி' என்று அச்சடித்துக்கொண்டார். அதன் அடியில் சாய்ந்த எழுத்தில்: 'மரம் பேசும். நான் கேட்பேன்.'

கார்டை வாங்கிப் பார்த்த மைத்துனன், மனைவியின் தம்பி, பட்டறையில் பாதி வேலை பார்த்தவன், "மரம் பேசறது இருக்கட்டும் அத்தான். அக்கா மூணு தரம் சாப்பிடக் கூப்பிட்டா, அது கேட்டுதா?" என்றான். அன்றிலிருந்து வீட்டில் அவர் சிற்பி.

அவன் போய் எட்டு மாதம் ஆகிறது.

ஞாயிறு, மாலை நான்கு மணி. வெளியே வெயில் இருந்தாலும், படமெடுப்பதற்காக ஜன்னல்களில் அடித்திருந்த கறுப்புத் துணி பட்டறையை எப்போதும்போல இருட்டாக வைத்திருந்தது. மரத்தூள் வாசனை, வார்னிஷில் கலக்கும் தின்னரின் வாசனை, இரண்டுக்கும் அடியில் உருகிய மெழுகின் மந்தமான வாசனை. பத்தாம் நம்பர் கித்தார் அதன் தாங்கியில் நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து போன ஒயரின் மறுமுனையில் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டி லேசாக இரைந்துகொண்டிருந்தது.

டொக். டொக். டொக்.

ஒரு நிறுத்தம்.

டொக்.

ஆம்பிலிருந்துதான். கித்தாரை யாரும் தொடவில்லை.

படிக்கட்டில் மனைவி வந்து நின்றாள். "யாருங்க தட்டறது?"

"யாரும் இல்ல. பிக்கப்தான்."

தந்திகளுக்கு அடியில் இருந்து ஒலியைப் பிடித்துத் தரும் பிக்கப்பை மைத்துனன்தான் சுற்றுவான். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, எட்டாயிரம் சுற்று, எல்லாம் கையால். சுற்றியதை உருகிய மெழுகில் தோய்த்தெடுக்க வேண்டும். தோய்க்காவிட்டால் கம்பி உள்ளுக்குள் ஆடி, பக்கத்தில் தட்டுவது, பேசுவது எல்லாவற்றையும் ஆம்புக்கு அனுப்பிவிடும். பத்தாம் நம்பரில் இருப்பது அவன் கடைசியாகச் சுற்றியது. மெழுகில் தோய்க்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. சிற்பியே தோய்த்தார். ஒருமுறையல்ல, மூன்று முறை.

"மூணு தட்டு, அப்புறம் ஒண்ணு," என்றாள் மனைவி. "அவன் அப்படித்தான் தட்டுவான். பாத்ரூமுக்குள்ள ஆள் இருந்தாகூட அப்படித்தான்."

"மரம் சுருங்கும், விரியும். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு."

"காரணம் எழுதறதுதான உங்க உத்தியோகம்." சிரிக்காமல் சொன்னாள். ஒரு படி கீழே இறங்கினாள். "அன்னிக்கு நீங்க இந்த ரூம்லதான இருந்தீங்க. அவன் தட்டினது ஒண்ணுகூடக் கேக்கலையா?"

சொல்லிவிடலாம். இப்போதே. நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"கேக்கல."

"ஃபேன் போடாம உள்ள போவானா ஒருத்தன்? மடையன். எட்டு மாசமா மாலை போட்ட படத்துக்கு முன்னாடி நின்னு அவனைத்தான் திட்டிட்டிருக்கேன்."

சிற்பி கித்தாரின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இந்தச் சத்தத்தை நின்னு கேட்டுட்டிருக்காத. மனசுதான் கெடும். இனிமே கேட்டா ஆம்பை அணைச்சிட்டு மேல போயிடு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நடந்தது இதுதான். வார்னிஷ் அடிக்கும் சிற்றறை பட்டறையை ஒட்டி இருக்கிறது. வார்னிஷ் புகையை வெளியே இழுக்க அதன் சுவரில் ஒரு ஃபேன். சுவிட்ச் பட்டறைப் பக்கம். சத்தம் தெருவுக்குப் போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. அன்று மைத்துனன் உள்ளே வேலையாக இருந்தான். சிற்பி இங்கே இருட்டில் கறுப்பு நிற ஒன்பதாம் நம்பரை நிறுத்தி, கேமரா ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஃபேனின் அதிர்வு தரை வழியாக வந்து படத்தின் ஓரத்தைக் கலங்கடித்தது. ஃபேனை அணைத்தார். உள்ளே பல்பு எரிந்தது. அவன் கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும். அதற்காகவே கதவில் இந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடித்து வைத்திருந்தார். போட்டார்.

ஒரே ஒரு ஷாட்.

மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. "அத்தான், முடிஞ்சிதா?"

"ரெண்டே நிமிஷம்."

பதினொரு ஷாட் எடுத்தார். ஆறாவதோடு தட்டல் நின்றது. பையனுக்கு இப்போதுதான் பொறுமை வந்திருக்கிறது என்று நினைத்தார். பதினொன்றாவது கண்ணாடிபோல் வந்தது. கதவைத் திறந்தார்; அவன் தரையில் கிடந்தான், மூச்சில்லை. மேலே போய்ச் சொல்வதற்கு முன் தாழ்ப்பாளின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். துளைகளை அன்றிரவே அடைத்தார். தாழ்ப்பாள் குப்பை லாரியோடு போயிற்று.

படத்துக்குப் புகைப்படச் சங்கத்தின் முதல் பரிசு. 'மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைக்கும் அமைதி' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். மேடையில் சிற்பி இருபது நிமிடம் பேசினார். தலைப்பு: பொறுமை.

டொக். டொக். டொக். டொக்.

இதற்கும் காரணம் இருக்க வேண்டும். ஃபேனின் இறக்கை ஏதாவது தளர்ந்திருக்கும். சுவர் வழியாகக் கித்தாருக்கு வருகிறது. உள்ளே போய்ப் பார்த்து எழுதிவிட்டால் தீர்ந்தது. அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலை.

பல்பையும் ஃபேனையும் போட்டார். கதவைத் திறந்து, மூடாமலிருக்க வழக்கமாக வைக்கும் மரத்துண்டைக் கீழே செருகிவிட்டு உள்ளே போனார். காலையில் வார்னிஷ் அடித்த பதினொன்றாம் நம்பர் கொக்கியில் ஈரமாகத் தொங்கியது. அதன் கீழே தின்னர் டப்பா, மூடி இல்லாமல். மூடிவிட்டு வந்ததாகத்தான் ஞாபகம். ஃபேனின் சட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கைக்கு எட்டியது அந்த மரத்துண்டுதான். குனிந்து உருவினார். தட்டினார். சட்டம் கெட்டியாக இருந்தது. இறக்கையும் தளரவில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

மரத்துண்டு அவர் கையில் இருந்தது.

பிறகு அந்தச் சத்தம். இரும்பில் இரும்பு உரசி, மெதுவாக, கடைசிவரை போய் உட்காரும் சத்தம். குப்பை லாரியோடு போன சத்தம்.

வெளியே சுவிட்ச் ஒன்று சொடுக்கியது. பல்பு போனது. இன்னொன்று. ஃபேன் சலித்துக்கொண்டதுபோல் சுற்று குறைந்து, குறைந்து, நின்றது. இறக்கைகளின் இடுக்கில் மாலை வெளிச்சம் மட்டும், நான்கு கீற்று.

தட்டினார். கையால், மரத்துண்டால். கத்தினார். மெத்தைகள் குரலை விழுங்கின. தின்னர் நாக்கில் இனித்தது. கண் எரிந்தது.

வெளியே, ஆம்பில், தன் தட்டலே திரும்ப ஒலிப்பதைக் கேட்டார். தன் குரலும். நசுங்கி, தகரமாகி, வேறு யாருடையதோ போல.

படிக்கட்டில் காலடி. மனைவி.

கதவை முட்டினார். "நான்தான்! திற!"

காலடி ஆம்பின் அருகே நின்றது. வெகுநேரம் நின்றது.

"அப்படியே அவன் குரல்," என்றாள் அவள். அழுதிருந்தாள். "நின்னு கேக்காதேன்னு சொல்லியிருக்காரு."

ஆம்பின் சுவிட்ச் சொடுக்கியது.

ஆம்பின் இரைச்சல் அடங்கியது. காலடி மேலே ஏறியது. மேலே ஒரு கதவு சாத்தும் சத்தம்.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு கையில்தான் பலம் மிச்சம். மறுபடி தூக்கினார். தட்டினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவதை அவர் தட்டவில்லை.

கீற்று வெளிச்சத்தில், அவர் கையை ஒட்டி, தோளுக்குப் பின்னாலிருந்து நீண்ட இன்னொரு கை. நகங்களில் காய்ந்த வார்னிஷ். ஆள்காட்டி விரலில் செம்புக் கம்பி அறுத்த பழைய வடு. அவசரமே இல்லாமல், ரொம்பப் பொறுமையாக, அது கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

மூன்று.

ஒரு நிறுத்தம்.

ஒன்று.